கிடாரிக் கன்றுகளுக்குக் கன்று வீச்சு நோய்த் தடுப்பூசி அவசியமா?

சினைப் பசு ஏழாம் மாதத்திலோ எட்டாம் மாதத்திலோ கன்றை வீசிவிட்டால், குடியானவர்கள் அதற்குச் சொல்லும் காரணங்கள் பல. வேறொரு மாடு முட்டிவிட்டது என்பர். ஏரிக்கரைச் சரிவில் வழுக்கிற்று என்பர். சூடு மிகுந்துவிட்டது என்பர். கண்ணேறு பட்டது என்று சொல்வோரும் உண்டு. இவற்றுள் சில, சில சமயங்களில் மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் சந்தையிலிருந்து புதிதாக ஒரு மாடு வந்த கொட்டகையில், அது கன்று வீசிய சில மாதங்களுக்குள் அடுத்த தறியில் கட்டிய மாடும், அதற்கடுத்ததும் முறையே கன்று வீசினால், அங்கே முட்டலையும் வழுக்கலையும் காரணம் சொல்வது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். முட்டலும் வழுக்கலும் அத்தனை ஒழுங்காக வருவதில்லை.

இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றி வரும் கருச்சிதைவுக்குப் பெரும்பாலும் காரணமாயிருப்பது புருசெல்லா என்னும் நுண்கிருமி. கால்நடை இலாகாவினர் இதனைக் கன்று வீச்சு நோய் என்று வழங்குகின்றனர். 1887-ம் ஆண்டில் மால்டா தீவில் பட்டாளத்து வைத்தியராயிருந்த டேவிட் புரூஸ் என்பவர், நீடித்த ஜுரத்தால் இறந்த சிப்பாய்களின் மண்ணீரலில் இவ்வினத்துக் கிருமியை முதன்முதல் கண்டார். பத்து ஆண்டுகள் கழித்து, 1897-ல், டென்மார்க் தேசத்துக் கால்நடை வைத்தியராகிய பாங் என்பவர் கன்று வீசிய பசுக்களிடம் ஒரு கிருமியைக் கண்டறிந்தார். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1918-ல் ஆலிஸ் ஈவான்ஸ் என்னும் அமெரிக்க அம்மையார் எடுத்துக்காட்டும் வரையில் மனிதரின் ஜுரமும் மாட்டின் கருச்சிதைவும் வெவ்வேறு சங்கதிகளாகவே எண்ணப்பட்டன. இந்நாட்டுக் கிராமங்களில் பலர் இன்றும் அப்படியே எண்ணுகின்றனர் என்பதே வருந்தத்தக்கது.

இந்த நோயின் சூழ்ச்சி முழுவதும் அது தன்னை மறைத்துக்கொள்ளும் திறத்தில் இருக்கிறது. கோமாரி வந்த மாடு வாயில் நுரை தள்ளி நொண்டி நிற்கும். அடைப்பான் வந்த மாடு மாலைக்குள் விழுந்துவிடும். யாரும் ஐயுறுவதற்கு இடமில்லை. கன்று வீச்சு நோய் கண்ட மாடோ நன்றாகத் தின்னும், அசை போடும், மேனி பளபளப்பாகவும் இருக்கும். சினையாகி ஐந்து மாதம் கடந்தபின்பே கிருமி தன் வேலையைக் காட்டுகிறது. பசுவின் கருப்பையில் எரித்ரிட்டால் என்னும் ஒருவகைச் சர்க்கரைப் பொருள் உண்டு. கிருமி அதனை விரும்பி உண்டு நஞ்சுக்கொடியில் கணக்கற்றுப் பெருகுகின்றது. கன்று வீழ்கிறது, நஞ்சு விழாமல் தங்குகிறது. அதன்பின் அந்த மாடு பெரும்பாலும் ஒரு முறைக்கு மேல் கன்று வீசுவதில்லை. அடுத்த ஈற்றில் நிறை மாதக் கன்றே போடவும் கூடும். அதைக் கண்டு உடையவர் நோய் தீர்ந்ததென்று மகிழ்கின்றார். நோய் தீர்ந்ததில்லை. ஒவ்வோர் ஈற்றிலும் பனிக்குட நீரிலும், நஞ்சிலும், கறக்கும் பாலிலும் அந்த மாடு ஆயுள் வரை கிருமியை வெளியிட்டுக்கொண்டே இருக்கக் கூடும். தொழுவத்தில் உள்ள பசுக்களில் எது எல்லாவற்றினும் திடமாகக் காணப்படுகிறதோ அதுவே மற்றவற்றைக் கெடுப்பதாகவும் இருக்கலாம்.

மருந்தால் தீர்த்துவிடலாமே என்பார்க்கு, மாட்டைப் பொறுத்தவரை நம்பத்தக்க சிகிச்சை இல்லை என்பதே விடை. கிருமி உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து ஒளிந்திருப்பதால் ஊசி மருந்துகள் அதனை முற்றிலும் எட்டுவதில்லை. ஆஸ்திரேலியா தேசம் 1989-ல் இந்நோயற்ற நாடெனப் பெயர் பெற்றது. அங்கே தடுப்பூசி போட்டதோடு நில்லாமல், இரத்தப் பரிசோதனையில் நோய் கண்ட மாடுகளை நஷ்ட ஈட்டோடு அடிமாடாக அனுப்பியே அதனைச் சாதித்தனர். இங்கே பசுவை அவ்வாறு அனுப்ப மனமும் இடங்கொடாது, சட்டமும் இடங்கொடாது. அனுப்புவதற்குப் பதில் நடப்பது யாதெனில், கன்று வீசிய மாட்டை வாயை மூடிக்கொண்டு சந்தைக்கு ஓட்டிவிடுவதுதான். ஈரோட்டிலும் பொள்ளாச்சியிலும் மணப்பாறையிலும் கூடும் சந்தைகளில் மாடு வாங்குவோர் பல்லைப் பார்க்கின்றனர், சுழியைப் பார்க்கின்றனர், மடியைத் தடவிப் பார்க்கின்றனர். போன ஈற்றில் கன்று என்னவாயிற்று என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டாலும் தரகரிடமிருந்து நேரான விடை வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆகவே இங்கே மிஞ்சுகின்ற வழி ஒன்றே. இனி வளரும் கன்றுகளை முன்னதாகவே காத்துக்கொள்ள வேண்டும். அதற்கென உள்ளதுதான் பத்தொன்பதாம் எண் வித்தைக் கொண்டு செய்யும் தடுப்பூசி. அமெரிக்காவில் பக் என்பவர் 1923-ல் ஒரு ஜெர்சிப் பசுவின் பாலிலிருந்து எடுத்து வைத்த கிருமி, ஆய்வுக்கூடத்தில் சாதாரண வெப்பத்தில் ஓராண்டுக்கு மேல் கிடந்தபின் தன் கொடுமையை இழந்திருக்கக் கண்டனர். அதன் வழித்தோன்றலே இன்றளவும் பயன்படுவது. இது உயிருள்ள கிருமி; இறந்த கிருமியன்று. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்த ஊசியைப் பற்றிய நிபந்தனைகள் அனைத்தும் தாமே விளங்கும்.

4 மாதம் நிரம்பி 8 மாதம் கடவாத பெண் கன்றுகளுக்கு மட்டுமே இதனைப் போட வேண்டும். எருமைக் கிடாரிகளுக்கும் இதுவே விதி. ஆயுளில் ஒரே முறை போட்டால் போதும். காளைக் கன்றுகளுக்குப் போடலாகாது. உயிருள்ள கிருமி விதையில் தங்கி வீக்கத்தை உண்டாக்கக் கூடும். சினைப் பசுவுக்குப் போடலாகாது. தடுக்க வந்த மருந்தே கன்றை வீசச் செய்யக் கூடும். வயது கடந்த கிடாரிக்குப் போட்டால், அதன் இரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் நெடுநாள் தங்கி, பின்னொரு நாள் பரிசோதிக்கும்போது அது நோயுற்ற மாடா, ஊசி போட்ட மாடா என்று பிரித்தறிய முடியாமற் போகும். "கன்றுக்குப் போட வந்த ஊசியைக் கறவைக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்" என்று வற்புறுத்தும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வற்புறுத்துபவர் தம் மாட்டுக்கே தீங்கு தேடுகின்றார்.

இனி, ஊசி வேண்டாமென்போர் கூறும் காரணங்களைப் பார்க்கலாம். எல்லாவற்றையும் அறியாமை என்று தள்ளிவிடுவது நியாயமன்று.

ஊசி போட்ட கன்றுக்கு இரண்டொரு நாள் ஜுரம் காண்கிறது, தீனி குறைகிறது, போட்ட இடத்தில் வீக்கம் உண்டாகிறது என்கின்றனர். இது உண்மை, மறைப்பதற்கில்லை. கறவை மாட்டுக்கு ஊசி போட்டால் பால் குறையும் என்ற அச்சமாவது ஒருவாறு விளங்கிக்கொள்ளத் தக்கது. பால் கறவாத கன்றின் இரண்டு நாள் ஜுரத்தைப் பெரிதாக எண்ணி, பின்னால் ஒரு முழு ஈற்றை இழப்பது கணக்கறிந்தவர் செய்கையாகாது. மிகவும் மெலிந்த கன்றுக்கும், வேறு நோயால் வாடும் கன்றுக்கும் அன்றைய தினம் போடாமல், தேறியபின் போடும்படி கேட்பதில் தவறில்லை. அண்மையில் கிருமிகளைக் கொல்லும் மருந்து ஊசி கொடுத்திருந்தால் அதனையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். உயிருள்ள தடுப்பு மருந்தை அது வலிவற்றதாக்கக் கூடும்.

ஊசி போட்டும் கன்று வீசிய மாடுகள் உண்டே என்பது மற்றொரு கூற்று. இதுவும் உண்மையே. இந்தத் தடுப்பூசி நூற்றுக்கு நூறு காப்பதன்று. நூற்றுக்குச் சுமார் எழுபது காக்கும் என்று கொள்ளலாம். கிருமி குறைவாக வந்தால் நன்கு தடுக்கும். அருகிலேயே நோயுற்ற மாடு ஈன்று, அந்த நஞ்சை நக்கும் அளவுக்குக் கிருமி மிகுந்து வந்தால் தடை உடையும். நெல்லுக்கு வேலி போட்டபின்னும் சில ஆடுகள் புகுந்து மேய்வதுண்டு. அதனால் வேலியே வேண்டாமென்று யாரும் பிடுங்கிவிடுவதில்லை. இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஊரிலுள்ள கிடாரிகள் அனைத்துக்கும் ஆண்டுதோறும் தவறாமல் போட்டு வந்தால், எட்டுப் பத்து ஆண்டுகளில் பழைய மாடுகள் கழிந்து, மந்தை முழுவதும் ஊசி பெற்ற மாடுகளாகிவிடும். கிருமி புகுவதற்கு இடம் சுருங்கும். ஒருவர் வீட்டு ஊசி எழுபது பங்கு காக்குமானால், ஊர் முழுதும் போட்ட ஊசி அதற்கு மேலும் காக்கும்.

மூன்றாவதாக, "எங்கள் வீட்டில் இந்நோய் வந்ததே இல்லை" என்பவர்கள். இவர்களுள் இரு வகையினர் உளர். ஒரே ஒரு நாட்டுப் பசுவை வைத்திருப்பவர், அதன் கன்றையே வளர்ப்பவர், சந்தையில் வாங்காதவர், நல்ல நிலையத்தின் சினை ஊசியே போடுபவர், பொதுக்குட்டையில் நீர் காட்டாதவர். இத்தகையவர் கொட்டகைக்கு நோய் வரும் வழி மிகக் குறுகியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் ஊசியைத் தவிர்த்தால் பழிக்க இடமில்லை என்றும் வாதிக்கலாம். எனினும் அந்தக் கிடாரி எப்போதும் அவர் வீட்டிலேயே இருக்கப் போவதில்லை. மகளுக்குச் சீராகவோ, பணமுடைக்குச் சந்தையிலோ அது கைமாறும் நாள் வரும். அன்றைக்கு அதற்கு வயது கடந்திருக்கும். போட நினைத்தாலும் போட இயலாது. கோமாரி ஊசியை இவ்வாண்டு விட்டால் அடுத்த முறை போட்டுக்கொள்ளலாம். இந்த ஊசியின் காலம் போனால் போனதுதான். இலவசமாகக் கிடைப்பதை ஏன் விட வேண்டும் என்பதும் எண்ணத்தக்கது.

மற்ற வகையினர், ஐந்தாறு கலப்பின மாடுகள் வைத்து, பால் வற்றியதை விற்று, கறவையை வாங்கி, ஆண்டுக்கு இரண்டு புது மாடாவது கொட்டகைக்குள் கொண்டுவருபவர். இவருக்கு வராதது நோயன்று, நோயைப் பற்றிய செய்திதான். இவர் விஷயத்தில் இரண்டு அபிப்பிராயத்துக்கு இடமே இல்லை. கன்றுகளுக்கு ஊசி போடுவதோடு, வாங்கும் மாட்டின் இரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்து, முடிவு தெரியும் வரையில் வேறிடத்தில் கட்டி வைப்பதும் இவர் கடமை.

இத்தனை சொல்லியும், ஊசி போடாமைக்குக் குடியானவரின் தயக்கத்தை மட்டுமே காரணமாகக் காட்டுவது ஒருதலைப்பட்சமாகும். இந்திய சர்க்கார் 2019-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கோமாரியையும் கன்று வீச்சு நோயையும் ஒழிப்பதற்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. 4 முதல் 8 மாத வயதுள்ள பெண் கன்றுகள் அனைத்துக்கும் ஊசி போட்டு, காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டிப் பதிவு செய்வது அதன் நோக்கம். நோக்கம் சிறந்தது. ஆனால் கணக்கைச் சற்றுக் கவனிக்க வேண்டும். மாதம் ஒரு பெண் கன்றாக ஆண்டுக்குப் பன்னிரண்டு கன்றுகள் பிறக்கும் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஒரே நாள் முகாம் நடந்தால், அன்றைக்கு நான்கு மாதத்துக்கும் எட்டு மாதத்துக்கும் இடைப்பட்டிருப்பவை நான்கே கன்றுகள். இரண்டு பங்கு கன்றுகள் மிக இளையவையாகவோ வயது கடந்தவையாகவோ இருக்கும். இரண்டு முகாம் வைத்தால் எட்டு. மூன்று முகாம் சமமான இடைவெளியில் வைத்தால்தான் பன்னிரண்டும் அகப்படும். ஆகவே தை, வைகாசி, புரட்டாசி என்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை முகாம் கூட்டுவதே கணக்குக்குப் பொருந்தும். அதற்கு ஆள் போதாது என்றால், கன்று பிறந்த தேதியையாவது ஊரில் எழுதி வைத்து, நாலு மாதம் நிரம்பிய கன்றுகளை அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லச் செய்ய வேண்டும். கோவில் மாட்டுக்குக் கணக்கு உண்டு, ஏரி மீனுக்குக் குத்தகைக் கணக்கு உண்டு. ஊரில் எத்தனை கிடாரிக் கன்றுகள் எந்த மாதம் பிறந்தன என்பதற்கு மட்டும் கணக்கில்லை.

போடும் நாளில் கவனிக்க வேண்டியதும் ஒன்றுண்டு. உயிருள்ள கிருமியாகையால் இந்த மருந்து மனிதருக்கும் நோயை உண்டாக்க வல்லது. கன்று துள்ளி ஊசி கையில் குத்திவிட்டாலும், மருந்து கண்ணில் தெறித்தாலும் விபரீதம் நேரும். வைத்தியர் கையுறையும் கண்ணாடியும் அணிவதைக் கண்டு நகைக்காமல், கன்றின் தலையை இறுகப் பிடித்துக் கொடுப்பது உடையவரின் பங்கு. சிறு பிள்ளைகளை அந்த இடத்தில் சூழ்ந்து நிற்க விடலாகாது.

மனிதருக்கு வரும் நோயைப் பற்றிக் கிராமங்களில் தெரிந்தது சொற்பம். மாலையில் ஏறி விடியலில் வியர்த்து இறங்கும் ஜுரம், மாதக்கணக்கில் விட்டு விட்டு வரும். இடுப்பும் முதுகும் மூட்டுகளும் நோகும். ஆடவர்க்கு விதை வீங்குவதும் உண்டு. மலேரியா என்றும் டைபாய்டு என்றும் வாத நோய் என்றும் மருந்துண்டு அலைவர். வீட்டில் மாடு கன்று வீசிற்று என்பதை வைத்தியரிடம் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை. சொன்னால் ஓர் இரத்தப் பரிசோதனையில் விளங்கிவிடும். ஆறு வாரம் முறையாக மருந்துண்டால் பெரும்பாலோர் குணமடைவர். இந்நோய் பெரும்பாலும் தாக்குவது தங்கிய நஞ்சை வெறுங்கையால் இழுப்பவரையும், வீசிய கன்றைத் தூக்கி அப்புறப்படுத்துபவரையும், கொட்டகை கூட்டும் பெண்களையும், பச்சைப் பாலைக் கறந்த சூட்டோடு குடிப்பவரையுந்தான். மால்டா தீவில் 1905-ல் ஜாமிட் என்னும் வைத்தியர் ஆடுகளின் இரத்தத்தில் கிருமியைக் கண்டறிந்தபின், 1906-ல் பட்டாளத்தாருக்கு ஆட்டுப்பால் கொடுப்பதை நிறுத்தினர். அவர்களிடையே ஜுரமும் விரைவில் ஒடுங்கிற்று. பாலைக் காய்ச்சியே உண்ணும் இந்நாட்டு வழக்கம் எத்தனையோ குடும்பங்களை அறியாமலே காத்து வருகிறது. உடம்புக்கு வலிவு தருமென்று இளைஞர்களுக்குப் பச்சைப் பால் புகட்டுவோர் இந்த வழக்கத்தின் அருமையை உணரவில்லை.

மாடு ஈன்றபின் நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நிறைமாதத்தில் சுகமாக ஈன்ற மாட்டின் நஞ்சைப் பற்றி இங்கே வழக்காட வேண்டியதில்லை. கன்று வீசிய மாட்டின் நஞ்சை மட்டும் அவ்வாறு கட்டலாகாது. அதனைக் காக்கை கொத்திச் சிந்தும். கீழே விழுந்ததை நாய் கவ்விக்கொண்டு அடுத்த தெருக் கொட்டகைக்குப் போகும். நஞ்சையும் வீசிய கன்றையும் நனைந்த கூளத்தையும் ஆழக் குழி தோண்டி, சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும். கையில் உறையில்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொண்டு செய்ய வேண்டும். ஈரமும் நிழலுமான இடத்தில் இந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். நல்ல வெயிலில் சில மணி நேரத்தில் மடியும். ஆதலால் கூரை தாழ்ந்து இருண்ட கொட்டகையில் ஒரு பக்கத் தட்டியை எடுத்து வெயில் விழச் செய்வதே பாதி மருந்து. கன்று வீசிய மாட்டை, கசிவு முற்றிலும் நிற்கும் வரை தனியே கட்டி, தனியே நீர் காட்டி, கடைசியில் கறக்க வேண்டும்.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் வேலையுண்டு. 2009-ம் ஆண்டின் கால்நடைத் தொற்று நோய்த் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இந்நோயும் இடம்பெற்றிருக்கிறது. தம் மாட்டுக்குப் பட்டியலிலுள்ள நோய் இருப்பதாக ஐயுறும் உடையவர், அதனைக் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிப் பொறுப்பாளருக்கோ தெரிவிக்க வேண்டும். தகவல் அவர் வழியே அருகிலுள்ள கால்நடை வைத்தியருக்குச் சேர வேண்டும் என்பது சட்டத்தின் கருத்து. நடைமுறையில் இத்தகவல் அதிகாரியை எட்டுவதே அரிது. சொன்னால் மாட்டை விற்க முடியாது, பால் சொசைட்டியில் பாலை மறுப்பர் என்ற அச்சம் உடையவரின் வாயைக் கட்டுகிறது. அந்த அச்சம் காரணமற்றதன்று. நோயை மறைத்தவருக்கு விலையும், உரைத்தவருக்கு நஷ்டமும் கிடைக்கும்படி உள்ள ஏற்பாட்டில், உரைப்பவர் சிலராகவே இருப்பர். இரத்தப் பரிசோதனையில் நோய் கண்ட மாட்டைப் பிரித்து வைத்துப் பராமரிக்கும் குடியானவருக்குத் தீவனச் செலவிலாவது ஒரு பகுதியைச் சர்க்கார் ஏற்றுக்கொண்டால், மறைக்கும் வழக்கம் தானே குறையும். அத்தகைய உதவி வரும் வரையில், தகவல் சொன்னவரின் பெயரை ஊரில் பரப்பாமல் காப்பதாவது கிராம அதிகாரிகளால் ஆகக்கூடிய காரியம்.

கன்றுகளின் பதிவைத் தொடங்குவதற்கோ எந்த உத்தரவும் வேண்டியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் போதும். கன்று பிறந்த தேதி, தாய் மாட்டின் காது வில்லை எண், உடையவர் பெயர், நாலு மாதம் நிரம்பும் தேதி, எட்டு மாதம் கடக்கும் தேதி, ஊசி போட்ட நாள் என்று ஆறு பத்திகள் கீறிக்கொண்டால், கால்நடை ஆய்வாளர் ஊருக்கு வரும் அன்று வீடு வீடாகக் கேட்டலைய வேண்டியிராது. ஊசி போட்ட நாளை உடையவரும் தம் வீட்டிலேயே குறித்து வைத்துக்கொள்வது நலம். கிடாரி விலையாகும் நாளில் வாங்குபவர் அதனைக் கேட்கும் காலம் வரும்.